அட்டைக்கடியும் வெள்ளை சாக்ஸும்: ஒரு சீருடை விதி பற்றிய நிகழ்வு ஆய்வு

பந்தலூர் வட்டத்தில் நான் ஏழு வருடம் தமிழாசிரியையாக வேலை பார்த்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் 2022 ஜூலையில் நடந்தது இது. பள்ளியின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் எழுதப்போவதில்லை. ஆள் தெரிந்துவிடக் கூடாதென்று சின்னச் சின்ன அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். என் பங்கை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பிள்ளையை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தியவள் நான்தான்.

மழையும் நடையும்

நீலகிரி என்றாலே கீழே இருப்பவர்களுக்கு ஊட்டிக் குளிர்தான் ஞாபகம் வரும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கூடலூரும் பந்தலூரும் ஏறக்குறைய அதில் பாதி உயரம்தான். உறைபனி எங்கள் பக்கத்துக் கதை இல்லை, எங்களுக்கு மழை. தமிழ்நாட்டிலேயே அதிகம் நனையும் ஊர்களில் எங்கள் பக்கத்துத் தேவாலாவும் ஒன்று. ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை கொடியில் போட்ட துணி கொடியில் காய்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவார்கள். எங்கள் வகுப்பறைக்கு மழைக்காலத்தில் ஒரு வாசனை உண்டு: ஈர ஷூவும் விறகுப் புகையும் சேர்ந்த வாசனை.

மழை வந்தால் அட்டையும் வரும். ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் புல் நுனியில் நூல் மாதிரி நின்று ஆடிக்கொண்டிருக்கும். ஏறுவது தெரியாது, கடிப்பதும் வலிக்காது. குடித்து முடித்து உருண்டு விழுந்த பிறகுதான் ரத்தம் ஒழுகுவது தெரியும். அதன் உமிழ்நீரில் ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருக்கிறது. அதனால் கடிவாய் சின்னதாக இருந்தாலும் சில நேரம் மணிக்கணக்கில் கசியும். எங்கள் பக்கத்தில் உப்பும் புகையிலையும் கட்டின துணிப் பொட்டணம் இல்லாத வீடு அபூர்வம்.

இந்த மாணவி அப்போது 9-ஆம் வகுப்பு. அப்பா டிரிப் ஜீப் ஓட்டுகிறவர், அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். பாட்டி 1970-களில் இலங்கையிலிருந்து வந்தவர். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்த குடும்பங்களின் கதை இந்தப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள் பலவற்றில் உண்டு. வீட்டிலிருந்து பஸ் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர், தேயிலைக்கு நடுவே நடை. அதிகாலையில் யானை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நாலைந்து பிள்ளைகள் சேர்ந்துதான் வருவார்கள்.

சீருடை: சாம்பல் நிற மடிப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கணுக்காலுக்கு மேலே இழுத்துவிட்ட வெள்ளை சாக்ஸ், கறுப்பு ஷூ, மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை, மெரூன் ரிப்பன். பாவாடை முழங்காலுக்கு நாலு விரல் கீழே நிற்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு 6-ஆம் வகுப்பிலிருந்தே ஃபுல் பேண்ட். 11, 12 பெண்களுக்குச் சுடிதாரும் ஓவர்கோட்டும். ஆக, 6 முதல் 10 வரையிலான பெண் பிள்ளைகள்தான் அந்தப் பள்ளியில் முழங்காலுக்குக் கீழே மூடாத காலோடு மழையில் நடப்பவர்கள். 5-ஆம் வகுப்பு வரை பையன்களும் அரைக்கால் சட்டையில் வருவார்கள். ஆனால் அந்தச் சின்னப் பிள்ளைகளைப் பெரும்பாலும் ஜீப்பில்தான் அனுப்புவார்கள்.

இரண்டு நாள்

திங்கட்கிழமை காலை அசெம்பிளி. அன்றைக்குச் சீருடை பார்க்கும் முறை எனக்கு. பாவாடைக்குக் கீழே நீல நிறத் துணி தெரிந்தது. அண்ணனின் பழைய டிராக் பேண்ட்டைப் பாவாடைக்குள் போட்டு வந்திருக்கிறாள். பள்ளிக்கு வந்ததும் கழற்றிப் பைக்குள் வைப்பது அவள் வழக்கமாம். அன்று பஸ் லேட், நேராக வரிசைக்கு ஓடி வந்துவிட்டாள்.

"என்ன இது?"

"மிஸ், அட்டை..."

"அட்டை உனக்கு மட்டும்தான் ஏறுதா? மத்தவங்க எல்லாம் வரலையா?"

இதைச் சொன்னது நான். வெளியே நிறுத்தினேன். பிறகு பாத்ரூமுக்கு அனுப்பிக் கழற்றச் சொல்லி, பேண்ட்டை வாங்கி ஸ்டாஃப் ரூம் அலமாரியில் வைத்தேன். அம்மாவை அழைத்து வந்தால் தருவேன் என்றேன். எல்லா ஆசிரியரும் சொல்லும் வசனம்.

செவ்வாய்க்கிழமை விதிப்படி வந்தாள். மூன்றாவது பீரியட் என்னுடையது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பின் பெஞ்சில் பையன்கள் குசுகுசுவென்று சிரித்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் கடித்த அட்டை எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது. ரத்தம் மட்டும் நிற்காமல் பாவாடையின் பின்பக்கம் ஊறி, ஒரு கோடாக இறங்கி, வெள்ளை சாக்ஸில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பாகப் பரவியிருந்தது. அதை என்னவென்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. அவளும் அதைப் புரிந்துகொண்டாள். இன்டர்வலுக்கு எழவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டாள். நாலு மணி வரை இரண்டு பேரும் அதே பெஞ்சில் இருந்தார்கள், ஒருத்தி குளிரில்.

அதற்குப் பிறகு மூன்று நாள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா வந்தார். வேலைக்காட்டிலிருந்து நேராக. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார், அதற்குக் கீழே ஆண்கள் போடும் பேண்ட், மேலே ஒரு முழுக்கைச் சட்டை. சேலைக்கு மேலே கட்டும் படங்குத் துணியை மட்டும் அவிழ்த்துக் கேட்டுக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தார். சண்டைக்கு வரவில்லை. உட்காரச் சொன்னேன், ஈரமாக இருக்கிறேன் என்று நின்றுகொண்டே பேசினார்.

"டீச்சர், தோட்டத்துல மேஸ்திரியே சொல்லுவாரு, கால மூடிக்கிட்டு எறங்குங்கன்னு. பேண்ட்டு போட்டு, மேல சேலை கட்டி, அதுக்கு மேல படங்கு கட்டித்தான் எறங்குறோம். கூலி வேலைக்கே அப்புடி. படிக்க அனுப்புன புள்ள கால தொறந்துக்கிட்டுத்தான் வரணும்னா எப்புடி டீச்சர்?"

என்னிடம் பதில் இல்லை. இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று என் சேலைக்குள் நான் கறுப்பு லெகின்ஸ் போட்டிருந்தேன். அந்தத் திங்கட்கிழமையும் போட்டிருந்தேன். அந்தப் பள்ளியில் சேர்ந்த இரண்டாவது மழைக்காலத்திலிருந்து போடுகிறேன். என் பாதையிலும் அட்டை உண்டு.

அலமாரியிலிருந்து டிராக் பேண்ட்டை எடுத்துக் கொடுத்தேன். நாலு நாள் மூடிக் கிடந்ததில் பூஞ்சை வாடை. அதற்கடியில் அடுப்புப் புகை வாடை.

(ஆசிரியைகளுக்குச் சேலை என்பதும் நிர்வாகத்தின் விதிதான். அரசு ஊழியர்களுக்கு 2019-இலேயே சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் எதுவும் உடுத்தலாம் என்று அரசாணை வந்துவிட்டது. தனியார் பள்ளி நிர்வாகங்களின் காதுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. ஆனால் சேலைக்குள் என்ன இருக்கிறது என்று என்னை யாரும் வரிசையில் நிறுத்திப் பார்த்ததில்லை. அந்த வித்தியாசம் பெரிது.)

டைரியின் இரண்டு பகுதிகள்

அந்த வாரக் கடைசியில் பள்ளி டைரியை எடுத்து உட்கார்ந்தேன். வருடா வருடம் ஜூன் மாதம் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டியது. நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாணவர்" பகுதியில் மூன்று வரி: முடி வெட்டியிருக்க வேண்டும், சட்டை உள்ளே விட்டிருக்க வேண்டும், ஷூ பாலிஷ். "மாணவியர்" பகுதியில் பதினோரு வரி. சடை, ரிப்பன், ரிப்பனின் அகலம், பூ, பொட்டு, கம்மல், வளையல், கொலுசு, நகம், பாவாடை நீளம், உள்ளாடை வெளியே தெரியாமல் ஸ்லிப். எண்ணிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. பையனின் மூன்று வரியும் அவன் எப்படிச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பெண்ணின் பதினோரு வரியில் பெரும்பாலானவை அவளைப் பார்க்கிறவர் கண்ணுக்கு எது படலாம், எது படக்கூடாது என்று சொல்கிறது. அவளுக்குக் குளிருமா, அவளால் ஓட முடியுமா, தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியுமா என்று நினைத்து எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

ரெட்டைச் சடையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குத் தலைக்குக் குளித்த முடி ஏழு மணிக்குக் காயாது, அதுவும் ஜூலையில். ஈரத்தோடு பின்னி, மடித்து, இறுக்கி ரிப்பன் கட்டினால் சாயங்காலம் அவிழ்க்கும்போதும் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். தலைவலி, சளி, பேன். ஒற்றைச் சடை போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டால், "பொம்பளப் புள்ள அடக்கமா தெரியணும்" என்பார்கள். ஒரு சடைக்கும் இரண்டு சடைக்கும் நடுவில் அடக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பையன்களுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. அசெம்பிளியிலேயே கத்தரிக்கோலால் ஒரு கொத்து முடியை வெட்டிவிட்டு, மீதியைக் கடையில் போய் வெட்டிக்கொள் என்று அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் அவமானம்தான், அதையும் நிறுத்த வேண்டும். ஆனால் முடி வெட்டிய பையன் மறுநாள் அதை மறந்துவிடுகிறான். பெண் பிள்ளைக்குச் சோதனை தினமும் உண்டு. அதில் நேரமும் போகிறது: மாணவியர் வரிசையைப் பார்த்து முடிக்கும்போது பையன்கள் வகுப்பில் உட்கார்ந்து பாதி வீட்டுப்பாடத்தை எழுதி முடித்திருப்பார்கள்.

பிரின்சிபால் மேடமின் நியாயம்

திங்கட்கிழமை பிரின்சிபால் மேடத்திடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஃபீஸ் கட்ட முடியாத எத்தனையோ பிள்ளைகளுக்குத் தன் கையிலிருந்து கட்டியவர். அவர் சொன்னதில் ஒரு வாதத்துக்கு நான் இன்றும் தலை வணங்குவேன்: எஸ்டேட் மேனேஜர் மகளும் லைன் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் ஒரே துணியில் உட்கார்கிறார்கள் என்றால் அது சீருடையால்தான். அதைத் தளர்த்தினால் முதலில் அடிபடுவது லைன் வீட்டுப் பிள்ளை. உண்மை.

மற்ற வாதங்கள் அந்த அளவுக்கு நிற்கவில்லை. "இன்னைக்கு லெகின்ஸ், நாளைக்கு ஜீன்ஸ் கேப்பாங்க." "ஆளுக்கொரு கலர்ல போட்டுட்டு வருவாங்க." "லெகின்ஸ் டைட்டா இருக்கும், பாக்க நல்லா இருக்காது." மேடம், பாவாடைக்குள்ள போடறது யார் கண்ணுக்கு டைட்டா தெரியும் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பாவாடைதான் என்பது எந்த அரசாணையில் இருக்கிறது என்றும் கேட்டேன். "நம்ம டைரியில இருக்கே" என்றார்.

மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, கணுக்கால் பூட்ஸ், சாக்ஸ் என்று அரசே 8-ஆம் வகுப்பு வரை விலையில்லாமல் தருகிறது. சமவெளியின் சீருடை மலைக்கு அப்படியே ஒத்துவராது என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பெரிய வகுப்புப் பெண்களுக்குச் சுடிதார் வந்தும் பல வருடமாகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளை காலை மூடிக்கொண்டு இலவசமாகப் படிக்கிறாள். இந்தப் பக்கம் காசு கட்டுகிற பிள்ளை அட்டைக்குக் காலைக் காட்டுகிறாள். இதைச் சொன்னபோதுதான் மேடம் கொஞ்சம் யோசித்தார். மனசாட்சியைவிட அட்மிஷன் எண்ணிக்கை சீக்கிரம் பேசும் போலிருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

எங்களுக்குக் கேரளா கூப்பிடு தூரம். சேரம்பாடி, எருமாடு, தாளூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுல்தான் பத்தேரியில் மாமா வீடும் சித்தி வீடும் உண்டு. எர்ணாகுளம் மாவட்டத்து வளையஞ்சிரங்கரா அரசு ஆரம்பப் பள்ளியில் ஆண், பெண் எல்லாருக்கும் முழங்கால் தாண்டிய கால்சட்டையும் சட்டையும் ஒன்றாக்கியது, 2021 டிசம்பரில் கோழிக்கோடு பாலுச்சேரி அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவிகள் பேண்ட் சட்டையில் வந்தது எல்லாம் இங்கே வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருந்தன. ஆகவே பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து, "அங்க மாதிரி பசங்க போடற பேண்ட் சட்டையே எல்லாருக்கும் வச்சிடுங்க, பிரச்சினை தீந்துச்சு" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

அப்போது ஒரு மாப்பிள்ளா முஸ்லிம் வீட்டு அம்மா சொன்னார்: "டீச்சர், எம் பொண்ணுக்குப் பேண்ட் வேணும். ஆனா சட்டைய இன் பண்ணி வரமாட்டா. டாப் நீளமா இருக்கணும்." பாவாடையைக் கட்டாயமாக்குவது தப்பென்றால் பேண்ட் சட்டையைக் கட்டாயமாக்குவது எப்படிச் சரியாகும்? பாலுச்சேரி விஷயத்திலும் இதே எதிர்ப்புதான் வந்தது. 2022 ஆகஸ்டில் கேரள முதல்வர், அரசு எந்த உடையையும் யார் மீதும் திணிக்காது என்று சட்டமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது. எங்களுக்கு வடக்கே கர்நாடகத்தில் மாணவிகளின் தலைமுக்காடு (ஹிஜாப்) வழக்கு. அந்த அக்டோபர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பெழுதினார்கள். நீதிபதி துலியா அதைக் கடைசியில் அந்தப் பெண்ணின் விருப்பம் சார்ந்த விஷயமாகத்தான் பார்த்தார். மூன்று மாநில எல்லையில் இருக்கிற எங்கள் வகுப்பறைக்கு இந்தச் செய்திகள் எல்லாம் தூரத்துச் செய்திகள் இல்லை.

இன்னொரு வழக்கு எங்கோ அமெரிக்காவில் நடந்தது. ஆனால் படித்தபோது எங்கள் அசெம்பிளி ஞாபகம்தான் வந்தது. வட கரோலினாவில் அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் ஒரு சார்ட்டர் பள்ளி, பெண் பிள்ளைகளுக்குப் பாவாடை வகைதான், பேண்ட் கூடாது என்றது. ஏன் என்று கேட்ட ஒரு தாய்க்குப் பள்ளியின் நிறுவனர் கொடுத்த விளக்கத்தில், பெண் எளிதில் உடையும் பாத்திரம், ஆண் அவளைப் பேணிக் காக்க வேண்டும் என்ற கருத்து இருந்தது. குளிர்காலத்தில் கால் விறைக்கிறது, தரையில் வசதியாக உட்கார முடியவில்லை, ஆபத்துக்காலப் பயிற்சியில் குனிந்து தவழ முடியவில்லை என்றார்கள் பிள்ளைகள். 2022 ஜூன் 14-இல், எங்கள் பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து திறந்ததற்கு மறுநாள், நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி அரசியலமைப்பு தரும் சம பாதுகாப்பு உரிமைக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. மறு வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. அவர்களுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி. எங்கள் பிள்ளைகளுக்கு யானை வந்தால் பயிற்சி இல்லாமலே ஓட வேண்டும்.

எங்கள் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, 8-ஆம் வகுப்பு வரைக்கானது. 9-ஆம் வகுப்புப் பிள்ளை அதன் வாசற்படிக்கு வெளியே நிற்கிறாள். அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அதுவும் கிடையாது. அந்த அம்மா ஈரச் சேலையோடு தனியாக வந்து என் முன்னால் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். அரசுப் பள்ளியாக இருந்தால் அவரே குழு உறுப்பினராக உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

பிறகு நடந்தது

பிள்ளை திரும்ப வந்தாள். நான் வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாலும் நிறுத்தியவள் எல்லார் முன்னாலும்தானே கேட்க வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது அவளுக்கு இரண்டாவது தண்டனையாக இருந்ததோ என்று பிறகு நினைத்தேன். பையன்களிடம் அட்டையைப் பற்றி ஒரு பீரியட் பேசினேன், மாதவிடாயைப் பற்றியும் பேசினேன். சயின்ஸ் டீச்சர் செய்ய வேண்டியதைத் தமிழ் டீச்சர் செய்கிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி. சடை, ரிப்பன் பற்றி யாரும் பேசத் தயாராக இல்லை, அது அப்படியே நிற்கிறது. நான் பேண்ட்டும் நீள டாப்பும், பாவாடையும் லெகின்ஸும் என்று இரண்டில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். நிர்வாகம் முதலாவதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றது. பெற்றோரில் சிலரும் புதுத்துணிச் செலவுக்குப் பயந்தார்கள். இரண்டு வருடம் கொரோனாவில் வீட்டிலிருந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அந்த ஜூனில்தான் எல்லாரும் புதுப் பாவாடை தைத்திருந்தார்கள். அந்தப் பயமும் நியாயம்தான்.

அடுத்த வருட டைரியில் ஒரு வரி கூடியிருந்தது. பன்னிரண்டாவது வரி: "மழைக்காலத்தில் மட்டும், வகுப்பாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன், பாவாடைக்குள் கறுப்பு நிற லெகின்ஸ் அணியலாம்." அனுமதிச் சீட்டும் அச்சடித்துக் கொடுத்தார்கள். பெயர், வகுப்பு, நாள், காரணம், பெற்றோர் கையொப்பம், வகுப்பாசிரியர் கையொப்பம்.

2023 ஜூனில் என் மேசைக்கு ஒரு கட்டுச் சீட்டு வந்தது. காரணம் என்ற இடத்தில் சிலர் "அட்டை" என்று எழுதியிருந்தார்கள், சிலர் "குளிர்", ஒருத்தி "அம்மா சொன்னாங்க". நம் பிள்ளை அப்போது 10-ஆம் வகுப்பு. அவள் சீட்டில் பேனாவை அழுத்தி ஒரே வார்த்தை எழுதியிருந்தாள்: "கால்."

கையெழுத்துப் போட்டேன்.